சித்தப்பா எப்போது முதலாளி ஆனார்?

2021-இல் ஒரு மழை நாள் சாயங்காலம் என் சித்தப்பா முதலாளி ஆனார். மொத்தம் பதினைந்து நிமிஷம் பிடித்தது, அதில் பாதி நெட்வொர்க் கிடைக்காமல் போன நேரம்.

பொதட்டூர்பேட்டையில் அவர் வீட்டு முன்கட்டில் நான்கு விசைத்தறி ஓடுகிறது. பாவும் நூலும் ஊரிலேயே பெரிய கை ஒருவர் கொடுப்பார். சித்தப்பா நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். தறி மட்டும் இவருடையது, அதுவும் கடனில் வாங்கியது. இன்னொரு கடனுக்குப் போனபோது வங்கியில் "உத்யம் நம்பர் கீதா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஊரடங்கில் கல்லூரி மூடி நான் லேப்டாப்போடு வீட்டில் கிடந்ததால் ஆதாரையும் பான் கார்டையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

நிறுவனத்தின் பெயர் என்று ஒரு கட்டம். "அதுக்குப் பேரு வேற வெக்கணுமா?" என்றார். கடைசியில் திருத்தணி முருகன் பெயரையே வைத்தோம். எங்கள் பக்கத்தில் பாதித் தறிக்கு அவர்தான் உரிமையாளர். அடுத்து, பணிபுரிவோர் எண்ணிக்கை.

"ஆண் எத்தனை சித்தப்பா?"

"ஒண்ணு. நான்தான்."

"பெண்?"

"யாரும் இல்லடா."

உள்ளே சித்தி தார் சுற்றிக்கொண்டிருந்தார். ராட்டைச் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. நான் பூஜ்யம் போட்டேன்.

இந்தப் பதிவு முறையைக் கிண்டல் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஒருகாலத்தில் சிறுதொழில் என்று பதிய வேண்டுமானால் மாவட்டத் தொழில் மையத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். முதலில் தற்காலிகப் பதிவு, பிறகு நிரந்தரப் பதிவு. 2006-இல் சிறு, குறு தொழில்களுக்குத் தனிச் சட்டம் வந்தது, படிவம் மாறியது. 2015-இல் உத்யோக் ஆதார் என்ற ஒரு பக்கப் படிவம் வந்தது. 2020 ஜூலை 1 முதல் உத்யம். கட்டணம் கிடையாது, எந்த ஆவணத்தையும் ஏற்ற வேண்டாம். (காசு வாங்கிக்கொண்டு பதிந்து தருகிற போலித் தளங்கள் உண்டு, அது வேறு கதை.) யாரும் வந்து தறியை எண்ணவில்லை. நீ யார் என்று நீயே சொல், நம்புகிறேன் என்கிறது அரசு. வேண்டுமென்றே பொய் சொன்னால் முதல் தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம். தாசில்தார் அலுவலக வாசலில் வெயிலில் நின்ற குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் 'நீயே சொல்' என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டம் என்ன கேட்கிறதோ அதைத்தான் சொல்ல முடியும். சொன்னால் கடன் கிடைக்கும் என்றால், கடன் தேவைப்படுகிறவன் சொல்வது உண்மையா, விலையா?

அதே ஆண்டு ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக இ-ஷ்ரம் தளம் வந்தது. அதே லேப்டாப்பில் சித்தப்பாவை அதிலும் பதிந்தேன், நெசவுத் தொழிலாளி என்று. இரண்டு அட்டையும் இப்போது ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. ஒன்றில் அவர் ஒரு நிறுவனம், மற்றதில் கூலி. சட்டப்படி இதில் முரண் இல்லை. சுயதொழில் செய்பவரும் அமைப்புசாராத் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருவார். என் குழப்பம் சட்டக் குழப்பமில்லை.

பெயர் மாறினால் ஆள் மாறுவாரா என்ற கேள்வி எங்கள் பக்கத்துக்குப் பழசு. 1960 ஏப்ரல் 1-இல்தான் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முந்தின நாளும் மறுநாளும் தாத்தா அதே குழித்தறியில்தான் கால் விட்டு உட்கார்ந்திருப்பார். ஒன்றும் மாறவில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் பள்ளிக்கூடம், கோர்ட்டு, மனு எழுதும் மொழி எல்லாம் எந்தப் பதிவேட்டில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதற்காகத்தான் ம.பொ.சி. அத்தனை வருஷம் போராடினார். பெயர் வெறும் பெயர் இல்லை. எந்தக் கதவைத் தட்டலாம் என்பதை அது தீர்மானிக்கிறது.

சௌராஷ்டிரத்து உப்பளத் தொழிலாளர்களான அகாரியாக்களின் வழக்கு ஒன்று உண்டு. தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் அவர்களுக்குப் பாத்தி பிரித்துக் கொடுக்கும். வேலை நேரம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. குடும்பத்தோடு உழைப்பார்கள், தேவைப்பட்டால் தாங்களே கூலி கொடுத்து ஆள் வைத்துக்கொள்வார்கள். விளைந்த உப்புக்கு எடைக் கணக்கில் பணம். இவர்கள் தொழிலாளிகளே இல்லை, சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள் என்றது நிறுவனம். 1956-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் தொழிலாளிகள்தான் என்றது. 2021-இல் லண்டனில் ஊபர் ஓட்டுநர்கள் விஷயத்திலும் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் நின்றது.

அந்த வழக்குகளில் 'நீ தொழிலாளி இல்லை' என்று எதிராளி வாதாட வேண்டியிருந்தது. சித்தப்பா விஷயத்தில் யாரும் வாதாடவில்லை, அவரே ஓடிபி போட்டார். ஒரு சான்றிதழை மட்டும் வைத்து எந்த நீதிமன்றமும் முடிவு செய்துவிடாது என்பது தெரியும். எனக்கு உறைத்தது வேறு. முன்பெல்லாம் கூலி உயர்வு கேட்டு ஊரில் கூட்டம் போட்டால் சித்தப்பா முன்வரிசையில் உட்காருவார். சான்றிதழை லேமினேட் செய்து முருகன் படத்துக்குக் கீழே மாட்டிய பிறகு ஒரு தடவை சொன்னார்: "நாமளும் யூனிட்டு வெச்சிக்கினு கீறோம். நாமளே போய்க் கூலி கேட்டு நின்னா நல்லாவா இருக்கும்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் போகவில்லை.

சரி, நிறுவனம் ஆனதற்கு உரிமையாவது உண்டா? உண்டு. 2006 சட்டப்படி வாங்குகிறவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இது ரொம்ப நாள் ஏட்டில் தூங்கியது, ஏனென்றால் அடுத்த பாவு தரப்போகிறவர் மேல் யார் புகார் கொடுப்பார்கள்? சட்டத்துக்கு அவர் 'வாங்குபவர்', சித்தப்பாவுக்கு இன்றைக்கும் 'மொதலாளி'. பிறகு வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால் அந்த வருஷம் அதைச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. 2024 மார்ச் கணக்கு முடிக்கும்போது இது முதல் முறையாகக் கடித்தது. புகார் கொடுக்காமலே கடிக்கிற சட்டம். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

மார்ச் கடைசியில் சித்தப்பா மறுபடி வந்தார். "அந்த நம்பரை எடுத்துட முடியுமாடா?"

மொதலாளியின் ஆடிட்டர் சொல்லியிருக்கிறார். உத்யம் இல்லாத ஆளுக்குப் பாவு கொடுத்தால் தொல்லை இல்லையாம். மூன்று வருஷம் முன்பு கடனுக்காக நிறுவனம் ஆனவர், இப்போது வேலைக்காக நிறுவனம் இல்லாமல் போக வேண்டும். ரத்து செய்யத் தளத்தில் வழி இருக்கிறது. அதற்கும் அவர் சொன்னால் போதும், யாரும் வந்து பார்க்க மாட்டார்கள்.

வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை, நம்பரை எடுத்தால் அங்கே சிக்கல் வரலாம் என்றேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். தறி நான்கும் நின்றிருந்தன, பாவு இல்லை. பிறகு வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தார்.

"எடுத்துட்டேன்னு சொல்லிட்டேன்."

அரசிடம் சொன்னதில் பாதி உண்மை, மொதலாளியிடம் சொன்னது முழுப் பொய். இரண்டாவதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உண்மையைக் கேட்கிறவருக்கு அதைத் தாங்கிக்கொள்ளும் கடமையும் இருக்கிறதா? மாட்டிக்கொண்டால் பாவு போகப்போவது சித்தப்பாவுக்குத்தான், எனக்கில்லை. அதனால் என் வாய் வராததற்கும் பெரிய மதிப்பில்லை.

தளம் திறந்தேதான் இருந்தது. சித்தி வந்து எட்டிப்பார்த்தார். "இதுல நான் எங்கடா கீறேன்?"

பெண்கள் என்ற கட்டத்தில் பூஜ்யம். சித்தப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் திருத்தம் என்பதை அழுத்தி 1 என்று போட்டேன். அவர் போன் அதிர்ந்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஓடிபியின் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார்.