பிழை யாருக்குச் சொந்தம்?

அறியாமையால் ஒரு வைத்தியர் இழைக்கும் தவறுக்கும், அறிந்ததை மறைப்பதனால் விளையும் தீங்குக்கும் உள்ள வேறுபாடு யாது? முன்னையதை நாம் பெரும்பாலும் மன்னித்து விடுகின்றோம். அறிவு வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும் அறியாமை இருந்தே தீரும் என்பதை நாம் அறிவோம். பின்னையதைக் குற்றமென்கின்றோம். ஆயின் இவ்விரண்டும் எப்பொழுதும் தனித்தனியே நிற்பதில்லை. ஓரிடத்தில் ஒருவர் மறைப்பது, வேறோரிடத்தில் இன்னொருவரின் அறியாமையாக உருவெடுக்கின்றது. மறைத்தவர் காரியாலயத்தில் கணக்கேட்டின் முன் அமர்ந்திருப்பார். தவறு செய்தவராகத் தோன்றுபவரோ சத்திரசிகிச்சை மேசையின் அருகில் நிற்பார். இந்த உறவை ஓர் உதாரணத்தின் வாயிலாக ஆராய்வது இன்று அவசியமாகின்றது.

இருதயத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் பிரதான குழாய் பெருநாடியாகும். அது வயிற்றினூடாக இறங்குமிடத்திலே, சிலருக்கு, முக்கியமாகப் புகைப்பழக்கமுடைய வயது முதிர்ந்த ஆண்களுக்கு, அதன் சுவர் நலிவுற்றுப் பலூனைப்போலப் புடைத்துக் கொள்கின்றது. பெரும்பாலும் நோவோ வேறு அறிகுறியோ தோன்றுவதில்லை. வேறு காரணத்துக்காக வயிற்றைப் பரிசோதிக்கும்போது தற்செயலாக அது கண்டுபிடிக்கப்படுகின்றது. புடைப்பு வெடித்துவிட்டால் உயிர் தப்புவோர் சிலரே.

இந்நோய் பிற நோய்களின் தோற்றத்தையும் பூணவல்லது. விஞ்ஞானி அல்பேட் ஐன்ஸ்டீனிடம் அது பித்தப்பை நோய்போலத் தோன்றிற்று. 1948 ஆம் ஆண்டில் அவரது வயிற்றைத் திறந்து பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் றுடோல்ஃப் நிசன், பெருநாடியின் புடைப்பைக் கண்டு அதனைச் செலோபேன் தாளினாற் சுற்றினார். அத்தாள் திசுவை உறுத்தும். அதனால் தழும்பு உண்டாகிச் சுவர் தடிக்கும் என்பது அக்காலத்து எண்ணம். ஐன்ஸ்டீன் பின்னும் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் புடைப்பு கிழிந்தபோது, மறுபடியும் சத்திரசிகிச்சை செய்துகொள்ள அவர் இசையவில்லை. 18 ஆம் திகதி அவர் காலமானார். பித்தப்பை நோயாக மயங்கவைக்கும் இத்தோற்றத்தை இன்றும் வைத்தியர்கள் ஐன்ஸ்டீனின் பெயராலேயே குறிப்பிடுகின்றனர். ஒரு பெருமகனின் நோயும், அதற்குச் செய்யப்பட்ட சிகிச்சையின் போதாமையும், பின்வந்த மாணவர் அனைவரும் பயிலும் பொதுப்பாடமாகிவிட்டன. இதனை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

பின்னர் நிகழ்ந்தவையும் அவ்வாறே. 1951 இல் பாரிஸ் நகரில் ஷார்ள் துபோ, புடைத்த பகுதியை வெட்டி நீக்கி, இறந்த ஒருவரின் நாடித்துண்டை அவ்விடத்திற் பொருத்தினார். நாடிக்குப் பதிலாகச் செயற்கை நூற்றுணியாலான குழாயையும் உடல் ஏற்குமென்பதை, விலங்குகளிற் செய்த பரிசோதனைகளால் நியூயோர்க்கின் ஆதர் வூர்ஹீஸ் 1952 இல் எடுத்துக் காட்டினார். 1987 இல், அன்றைய சோவியத் யூனியனிலிருந்த கார்க்கொவ் நகரில், நிக்கலாய் வலதோஸ் நெஞ்சை அறுத்துத் திறவாமலே, நாடியின் வழியாக ஒரு துணிக்குழாயைச் செலுத்திப் பெருநாடியின் உட்புறத்திற் பொருத்தினார். 1990 இல் புவனஸ் அயர்ஸ் நகரில் ஹுவான் பரோடி, வயிற்றுப் பெருநாடிப் புடைப்புக்குத் தொடையடி நாடி வழியே அத்தகைய சிகிச்சையைச் செய்தார். பாரிஸ், நியூயோர்க், கார்க்கொவ், புவனஸ் அயர்ஸ் என நாடும் ஆட்சிமுறையும் வேறுபட்டன. தனியொருவருடைய சொத்தென்று இந்த அறிவை எவரால் உரிமை கொண்டாட முடியும்?

ஆயினும், மனித இனம் கூடிச் சேர்த்த அறிவு, ஒரு கட்டத்திற் பெட்டியில் அடைக்கப்பட்டு விலை குறிக்கப்பட்ட பண்டமாகின்றது. 1999 செப்டெம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ‘அங்கியுவர்’ என்னும் துணிக்குழாய் உபகரணத்தின் விற்பனைக்கு அனுமதி வழங்கிற்று. அதனைச் செய்தது கைடன்ட் என்னும் கம்பனியின் துணை நிறுவனமாகும். குழாயைச் சுருக்கி ஒரு நீண்ட செலுத்தியினுள் வைத்து, தொடையடியால் நுழைத்து, உரிய இடத்தில் விரித்துவிட்டுச் செலுத்தியை வெளியே எடுக்கவேண்டும். இச்செலுத்தி சிலவேளைகளில் நோயாளியின் உடலினுள்ளே சிக்கிக் கொண்டது. அப்போது வயிற்றைத் திறப்பதன்றி அங்கீகரிக்கப்பட்ட வழி வேறிருக்கவில்லை. ஆகவே, கைபிடியை உடைத்து உட்பாகங்களை ஒவ்வொன்றாக உருவியெடுக்கும் ஓர் உபாயம் கையாளப்பட்டது. அந்த உபாயம் அரசின் பரிசீலனைக்கு வைக்கப்பட்டதன்று. கம்பனியின் விற்பனைப் பிரதிநிதிகளே சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்று வைத்தியர்களுக்கு அதனைச் சொல்லிக் கொடுத்தனர்.

2003 ஜூனில் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் பத்துக் குற்றங்களை ஏற்றுக்கொண்டு, 9 கோடி 24 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. அப்போது வெளிவந்த கணக்கு இது: 1999 செப்டெம்பர் முதல் 2001 மார்ச் வரை விற்பனையான உபகரணங்கள் 7,632. அரசுக்கு அறிவிக்கப்பட்ட கோளாறுகள் 172. அறிவிக்க வேண்டியிருந்தும் அறிவிக்கப்படாதவை 2,628. மறைக்கப்பட்டவற்றுள் 12 மரணங்களும், அவசரமாக வயிற்றைத் திறக்க நேர்ந்த 57 நிகழ்ச்சிகளும் அடங்கும்.

இக்கணக்கை வைத்தியரின் நிலையிலிருந்து நோக்குவோம். ஒரு நகரத்து வைத்தியரின் கையிலே செலுத்தி சிக்கிக் கொள்கின்றது. அவருக்கு இது முதல் அனுபவம். அவர் என்ன எண்ணுவார்? தம் கை தவறியதோ என்று ஐயுறுவார். அல்லது நோயாளியின் நாடி அசாதாரணமாக வளைந்திருந்தது போலும் என முடிவு செய்வார். நூற்றுக்கணக்கான பிற கூடங்களில் நிகழ்ந்த அதே நிகழ்ச்சி அவருக்குத் தெரிந்திருந்தால், பழுது உபகரணத்தில் உள்ளதென்று நொடியில் உணர்ந்திருப்பார். அருமையாகத் தோன்றும் கோளாறுகளின் இயல்பே இது. தனியொருவர் ஒன்றையே காண்பார். ஒன்றிலிருந்து விதி பிறவாது. சிதறிக்கிடக்கும் அனுபவங்களை ஒருங்கு சேர்க்கும்போதே நோய்க்குப் பெயரும் காரணமும் கிடைக்கின்றன. எனவே நோயை நிர்ணயித்தல் ஒரு சமுதாயச் செயலாகும். அச்செயலின் இடையே புகுந்து அறிக்கையை மறைத்தவர், வைத்தியரின் கண்ணையே கட்டியவராவார்.

இதற்கு மறுப்புரைப்போர் கூறுவதையும் கேட்கவேண்டும். “அந்த உபகரணம் பலரைக் காத்தது, குறைகளைப் பறைசாற்றியிருந்தால் மக்கள் அஞ்சி, நல்ல சிகிச்சையையும் இழந்திருப்பர்” என்பது அவர்கள் வாதம். பலர் காக்கப்பட்டிருக்கலாம், அதை நாம் மறுக்கவில்லை. வயிற்றைத் திறக்கும் சத்திரசிகிச்சையிலும் ஆபத்துண்டு. ஆயினும், இரண்டு ஆபத்துக்களுள் எதனை ஏற்பதென்று தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது? நோயாளிக்கே உரியது. தராசின் ஒரு தட்டை மறைத்துவிட்டு எடையைப் பார்த்துக்கொள் என்று அவனிடம் சொல்வது ஏமாற்று. மக்கள் அஞ்சுவர் என்று இரங்குவோர், அவர்களது உயிரைக் குறித்து அஞ்சினரா, தம் விற்பனையைக் குறித்து அஞ்சினரா என்பதற்கு அந்த 2,628 நிகழ்ச்சிகளே விடை கூறும்.

இலாப வேட்கை ஒன்றே மறைப்புக்குக் காரணமென்று சொல்லி நாம் இலகுவில் விடுபடவும் முடியாது. கௌரவத்துக்காக வைத்தியர்கள் மறைப்பதுண்டு. மேலதிகாரிக்கு அஞ்சி அரசாங்க நிறுவனங்கள் மறைப்பதுண்டு. பொதுவுடைமை என்று பெயர் சூட்டிக்கொண்ட ஆட்சிகளிலும் விபத்துக்கள் மறைக்கப்பட்டன என்பதற்கு 1986 ஆம் ஆண்டின் செர்னோபில் சான்று. இதனை ஒப்புக்கொள்ளாத முற்போக்காளன் தன் கொள்கைக்கே துரோகஞ் செய்கின்றான். ஆயின், இலாபத்துக்கு ஒரு தனித்தன்மையுண்டு. பிற மறைப்புக்கள் மனிதரின் பலவீனத்தால் நிகழ்கின்றன; இலாபமோ மறைப்பவனுக்குக் கூலியும் கொடுக்கின்றது. உண்மை சொல்பவனின் கூலியைப் பறிக்கவும் அது வல்லது.

2000 ஒக்டோபரில், அக்கம்பனியின் ஊழியர் எழுவர் அரசுக்கு ஒரு கடிதம் அனுப்பி உண்மையைத் தெரிவித்தனர். அக்கடிதத்தில் அவர்கள் தம் பெயர்களை இடவில்லை. இதனைக் கோழைத்தனமென்று எவரேனும் இகழக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. வேலையும் வீடும் பிள்ளைகளின் படிப்பும் பணயமாக இருக்கையில் உண்மைக்காக எழுதுகோலை எடுத்தவர்கள் அவர்கள். அமைப்பின் நிர்ப்பந்தம் மனச்சாட்சியை முற்றாகக் கொன்றுவிடுவதில்லை என்பதற்கு அவர்களே சாட்சி. ஆயினும், உயிர்காக்கும் உண்மையொன்று பெயரற்ற கடிதமாகவே வெளிவர முடியுமென்றால், அந்தச் சமுதாயத்தின் அறம் எவ்வளவு நலிந்திருக்கின்றது! வீரர்களை எதிர்பார்த்திருக்கும் ஏற்பாட்டிலும், சாதாரண மனிதர் அச்சமின்றி உண்மை பேசக்கூடிய ஏற்பாடே உயர்ந்தது.

இப்பிரச்சினை நமக்குத் தொலைவானதன்று. இத்தகைய உபகரணங்களை நமது நாடு பிறநாடுகளிலிருந்து தருவிக்கின்றது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம், மருந்துகளோடு மருத்துவ உபகரணங்களையும் தன் கண்காணிப்பினுள் கொண்டுவந்துள்ளது. சட்டம் வேண்டியதே. ஆயின், உபகரணம் செய்யப்பட்ட நாட்டிலே அறிக்கை மறைக்கப்படுமாயின், அதன் இருள் நமது வைத்தியசாலையின் மேசைவரை வந்து சேரும். இங்கே ஒரு தாதியோ, இளம் வைத்தியரோ தாம் கண்ட கோளாற்றைப் பதிய அஞ்சுவாராயின், அவ்விருள் இரட்டிக்கும்.

அந்த அச்சம் எங்கே தொடங்குகின்றது? நமது வகுப்பறையிலேதான். விடை பிழைத்த மாணவனை நகையாடும் ஆசிரியர், பிழையை மறைக்கும் கலையையே அவனுக்குப் பயிற்றுகின்றார். பரிசோதனைக் கூடத்தில் பெற்ற அளவு பாடநூலின் அளவோடு ஒவ்வாதபோது, அதனைத் திருத்தி எழுதிப் புள்ளி பெறும் மாணவன், பின்னொருநாள் அறிக்கையையும் திருத்தி எழுதுவான். ஆசிரிய நண்பர்களே, ஒவ்வாத அந்த அளவை அப்படியே எழுதிவைக்கும் துணிவுக்கு ஒரு புள்ளி கொடுங்கள். மாணவ நண்பர்களே, உங்கள் பிழையைப் பக்கத்திலிருப்பவனுக்குக் காட்டுங்கள்.

கண்டுபிடிப்புக்கள் மனித இனத்தின் பொதுச்சொத்து என்று நாம் நெடுங்காலமாகப் பேசிவந்திருக்கின்றோம். அந்தப் பேச்சு பாதி உண்மையே. பிழைகளும் பொதுச்சொத்துத்தான். முன்னதைப் பகிர்வதால் நாம் பெருமையடைகின்றோம். பின்னதைப் பகிர்வதால் யாரோ ஒருவர், எங்கோ ஒரு கட்டிலில், உயிரோடு கண் விழிக்கின்றார்.