கட்சியில்லாத கட்சிக்காரர்கள்

விதண்டாவாதம் என்ற சொல்லை நாம் ஏச்சாகவே பயன்படுத்துகிறோம். கௌதமரின் நியாய சூத்திரத்தில் அதற்குத் துல்லியமான இலக்கணம் உண்டு. உண்மையை அறிய இருவர் பேசினால் அது வாதம். வெல்வதற்கென்றே பேசினால் ஜல்பம். தனக்கென்று எந்த நிலைப்பாடும் வைக்காமல், எதிரில் இருப்பவர் சொன்னதை உடைப்பதோடு நின்றுகொண்டால் விதண்டை. கோபமும் வசவும் இந்த இலக்கணத்தில் வரவே இல்லை. இணையத்து அரசியல் சண்டைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நாகரிகக் குறைவைத்தான் முதல் குற்றமாகச் சொல்கிறார்கள். சங்கி, ஊபி, தற்குறி என்று வசைச்சொற்களின் பட்டியலும் போடுகிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். அங்கே சண்டைபோடும் எல்லோருக்கும் கட்சி இருக்கிறது. ‘என் கட்சி இது’ என்று வழக்காடுகிறவர் சொல்வாரே, அந்தக் கட்சிதான் இல்லை.

மருத்துவப் படிப்புச் சேர்க்கைக்கான நீட் தேர்வையே எடுத்துக்கொள்வோம். வேண்டாம் என்று ஒருவர் எழுதிய மறு நிமிடம், “கொண்டுவந்ததே உங்கள் கூட்டணிதானே?” என்று பதில் வரும். 2010 டிசம்பரில் அறிவிக்கை வந்தபோது மத்தியில் காங்கிரஸ், கூட்டணியில் திமுக. உடனே எதிர்க்கணை பாயும்: 2013இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தேர்வு 2016இல் மறுபடி உயிர்பெற்றபோது மத்தியில் யார், 2017இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது மாநிலத்தில் யார்? இரு தரப்பும் வீசும் தேதிகள் சரியானவை. ஆனால் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அவற்றில் ஒன்றுகூட விடையில்லை. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. வேண்டாம் என்பவர், அதன் பிறகும் தம் வாதம் ஏன் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். வேண்டும் என்பவர், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவரையும் முடியாதவரையும் ஒரே கோலால் அளப்பது எப்படி நியாயம் என்று சொல்ல வேண்டும். எந்தக் கணக்கு வந்தால் என் முடிவை மாற்றிக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதைத்தான் நான் திறந்த மனம் என்கிறேன். அப்படிச் சொன்னவர் தோற்கக்கூடும். விதண்டை பேசுகிறவருக்கு அந்த ஆபத்தே கிடையாது. அதனால்தான் அது அத்தனை சுகமாக இருக்கிறது.

எதிர்த்தரப்பையும் கொஞ்சம் படித்தால் மனம் தானாகத் திறந்துவிடும் என்பார்கள். நல்ல எண்ணம்தான், சான்று துணைநிற்கவில்லை. அமெரிக்காவில் கிறிஸ் பெய்ல் என்ற சமூகவியலாளரும் அவர் குழுவினரும் ட்விட்டர் பயனர்களுக்குப் பணம் கொடுத்து, எதிர்முகாமின் பதிவுகளை ஒரு மாதம் பின்தொடரச் செய்தார்கள். முடிவு 2018இல் வெளிவந்தது. குடியரசுக் கட்சியினர் முன்பைவிட இறுகிப்போயிருந்தார்கள். ஜனநாயகக் கட்சியினரிடமும் மனம் இளகியதற்கான அடையாளம் இல்லை. ஒரு நாட்டின் ஒரு மாதத்துச் சோதனைதான், அதை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஆனாலும் மாற்றுக் கருத்து காதில் விழுவது வேறு, அதற்குப் பதில் சொல்லும் கடமையை ஏற்பது வேறு என்பது இதில் தெரிகிறது.

சாதியால் மிதிபட்டவரிடம் போய், உங்களை மிதிப்பவரின் தரப்பையும் திறந்த மனத்தோடு கேளுங்கள் என்று சொல்வது வன்முறை ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். தன் மனிதத் தகுதியைப் பேரம் பேச மறுக்கிறவர் வாதத்துக்கே வரத் தேவையில்லை. வர மறுப்பதும் ஒரு நிலைப்பாடுதான். அது விதண்டை ஆகாது. கோபம் கூடாதென்றும் நான் சொல்லவில்லை. 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்ற தரப்பை வைத்து அண்ணா பேசியபோது, ரா.பி.சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியும் வெவ்வேறு மேடைகளில் எதிர்வாதம் செய்தார்கள். கொளுத்துவதைவிடச் சூடான பொருள் என்ன இருக்கிறது? ஆனால் இன்னார் இன்னதைச் சொல்கிறார் என்பதில் கேட்டவர்களுக்குக் குழப்பமே இருந்திருக்காது. கட்சிகளின் ஐடி விங் ஆட்களிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா என்றால், முடியாதுதான். ஆனால் எழுதுகிறவர் பத்துப் பேர் என்றால், ஒரு சொல்லும் எழுதாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. நிலைப்பாடு அவர்களுக்காகத் தேவைப்படுகிறது.

பழைய வாதங்கள் எல்லாம் பண்பாக நடந்தன என்று மெச்சிக்கொள்வதற்கில்லை. வாதில் தோற்ற சமணர் கழுவேறியதைப் பெரிய புராணம் பெருமையாகவே சொல்கிறது. ஆனால் ஒரு ஒழுங்கு இருந்தது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தம் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவுவதற்கு முன், உலகாயதன் தொடங்கிப் பிறருடைய கொள்கைகளைப் பரபக்கத்தில் வரிசையாக எடுத்து வைத்துத்தான் மறுத்தார். பௌத்தக் காப்பியமான குண்டலகேசியை மறுக்க ஒரு சமணர் நீலகேசி எழுதினார். குண்டலகேசி இன்று முழுதாக இல்லை. அதன் பாடல்கள் சில நமக்குக் கிடைத்திருப்பது, அதை மறுத்த நீலகேசியின் உரையில்.