நாளும் நினைவும்

‘வரலாற்றில் இன்று’ என்னும் தலைப்பின்கீழ் நாளிதழ்களும் வானொலியும் நாள்தோறும் சில செய்திகளை நமக்கு வழங்கி வருகின்றன. அண்மைக் காலத்தில் கைப்பேசியும் அப்பணியில் சேர்ந்துகொண்டது. ஓர் அரசு வீழ்ந்தது, ஒரு கோள் கண்டறியப்பட்டது, ஒரு தலைவர் பிறந்தார் என ஒவ்வொன்றும் ஒரு வரியில் முடிந்துவிடுகின்றது. நாமும் படித்து மகிழ்ந்து நம் அலுவலைப் பார்க்கச் சென்றுவிடுகின்றோம். ஆயின், ஒரு நாளை அறிந்திருப்பதும் அந்நாளை நினைந்திருப்பதும் ஒன்றாகுமா?

இவ்வினாவை எழுப்புதற்கு நாம் வாழும் இந்நகரினும் பொருத்தமான இடம் அரிது. 1948 செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியப் படை ஐதராபாத் சமஸ்தானத்தினுள் நுழைந்தது. 17ஆம் நாள் நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் பணிந்தார். நாட்காட்டிக்கு இவ்வளவு போதும். ஆனால் அந்நாளுக்கு என்ன பெயரிடுவது என்பதில் இன்றளவும் ஒருமித்த கருத்து இல்லை. 2022இல் நடுவண் அரசு அதனை விடுதலை நாளாகவும், மாநில அரசு தேசிய ஒருமைப்பாட்டு நாளாகவும் கொண்டாடின. 2024இல் மாநிலத்தின் புதிய அரசு மக்களாட்சி நாள் என்னும் பொருள்படப் பிறிதொரு பெயரைச் சூட்டியது.

பெயர்கள் ஏன் பலவாயின? அந்நாளைக் கண்டவர் பலர். கண்ட முறையும் பல. ரஜாக்கர்களின் கொடுமைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர்க்கு அது விடுதலையே. நிலக்கிழார்களை எதிர்த்து 1946 முதல் போராடிய தெலங்கானா உழவர்க்கோ அது போரின் முடிவன்று. அப்போராட்டம் 1951 வரை நீடித்தது. படையெடுப்பின்போதும் அதன்பின்னும் நிகழ்ந்த வன்முறையில் உற்றாரை இழந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு அது துயரின் தொடக்கம். அவ்வன்முறையில் மாண்டோர் 27,000 முதல் 40,000 வரை இருக்கலாம் என்று அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு மதிப்பிட்டது. அவ்வறிக்கையோ பல்லாண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வாராது கிடந்தது. இம்மூன்றும் உண்மை. ஒன்றை ஏற்பவர் மற்றவற்றை மறுக்க வேண்டும் என்பது அறமாகாது.

பகையும் படையும் தொடர்புற்ற நாட்களில் மட்டுமே இக்குறை உளதென்று கருத வேண்டா. சென்னைப் படைப்பிரிவுகளைத் தொடர்ந்து தமிழர் குடியேறிய இத்திருமுல்கேரிக்கு நெடுந்தொலைவில் இல்லை பேகம்பேட்டை. சென்னைக் காலாட்படையின் மருத்துவராய்ச் செகந்திராபாத்துக்கு வந்த ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் மலேரியாக் கிருமியைக் கொசுவின் இரைப்பைச் சுவரில் கண்டார். அந்நாளை உலகம் கொசு நாள் எனப் போற்றுகின்றது. 1902இல் அவர் நோபல் பரிசும் பெற்றார். எனினும் அதற்கு நான்கு நாள் முன்னர், அக்கொசுக்கள் கடிக்கத் தன் உடலைக் கொடுத்தவர் உசேன்கான் என்னும் நோயாளி. அவர் பெற்றது கொசு ஒன்றுக்கு ஓர் அணா. ஆகஸ்டு 20ஐ நாட்காட்டி அறியும். ஆகஸ்டு 16ஐ அறியாது. ராஸின் பெருமை இதனால் சிறிதும் குறைவதில்லை. கண்டவரோடு கொடுத்தவரையும் நினைப்பதே முறை என்கின்றோம்.

பழம்புண்ணைக் கிளறுவானேன், ஒரு வரியோடு விடுதல் நன்றன்றோ என்பாரும் உளர். அவர்தம் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. பழந்துயரைப் பேசிப் பேசிப் புதுப்பகையை வளர்ப்பார் எக்காலத்தும் உண்டு. ஆயினும், மறைக்கப்பட்ட துயர் மறைந்துபோவதில்லை. வீட்டுக்குள் பேசப்பட்டு வதந்தியாய் வளர்கின்றது. பகை வளர்ப்பது நினைவு அன்று. தன் இழப்பை மட்டும் எண்ணிப் பிறர் இழப்பை எண்ண மறுக்கும் அரைநினைவே.

இவ்வகையில் நம் முன்னோர் நமக்கு வழிகாட்டியுள்ளனர். செங்கம் பகுதி நடுகற்களைக் கண்டோர் அறிவர். அரசனின் ஆட்சியாண்டு அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால் கல் அரசனுக்காக நடப்படவில்லை. ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் பெயருக்காக நடப்பட்டது. ஆண்டு, காலத்தைக் காட்ட உதவியது; பெயரே நினைவைத் தாங்கியது. சில கற்களில் உடனிருந்த நாய்க்கும் கோழிக்கும்கூட இடமளித்தது அந்நாளைய தமிழ் நெஞ்சம்.

ஆதலின், ‘வரலாற்றில் இன்று’ என்னும் வரியை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. அஃதும் இல்லையேல் முற்றும் மறந்துவிடுவோம். அதனைப் படித்தபின், இந்நாளால் பெற்றவர் யார், இழந்தவர் யார் என்று ஒருகணம் கேட்போமாக. செப்டம்பர் 17 மீண்டும் வரும்போது, கொடியேற்றும் வீட்டாரையும் கதவடைத்திருக்கும் வீட்டாரையும் அண்டை வீட்டாராகவே காணும் பண்பு நமக்கு வாய்க்குமாயின், அந்நாளை நாம் உண்மையில் நினைந்தவராவோம்.