எஞ்சின் மாறினால் வண்டி மாறுமா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஹோரிகான் ஆலையில் 1983 முதல் 1992 வரை தயாரான தோட்ட டிராக்டர் ஜான் டீர் 318. அதன் பானெட்டுக்குள் 18 குதிரைத்திறன் கொண்ட ஓனன் எஞ்சின். இரண்டு சிலிண்டர்களும் எதிரும் புதிருமாகப் படுத்திருக்கும். வண்டியின் மற்ற பாகங்கள் திடமாக இருக்க, பல வண்டிகளில் எஞ்சின்தான் முதலில் கைவிடுகிறது. உதிரி பாகங்களோ அரிது; கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். ஆகவே பலர் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் வேன்கார்ட் எஞ்சினைப் பொருத்திவிடுகிறார்கள். புல் வெட்டவும் பனி தள்ளவும் வண்டி மீண்டும் தயார். ஆனால் பழைய வண்டி சேகரிப்பவர் பானெட்டைத் திறந்து பார்த்ததும் விலையைக் குறைத்துக் கேட்கிறார்.

அவர் கேட்பது நியாயமா?

தத்துவ அறிஞர் ஜான் லாக் 1694இல் இந்தக் கேள்விக்கு வெகு அருகில் வந்தார். ஓக் கன்று பெருமரமாகும்போது அதன் பொருளெல்லாம் மாறிவிடுகிறது; ஒரே உயிர் தொடர்வதால் அது அதே மரம்தான் என்றார். கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு வேறுபாட்டைக் காட்டினார்: உயிருள்ளவற்றின் இயக்கம் உள்ளிருந்து வருகிறது, இயந்திரத்துக்கு விசை வெளியிலிருந்து வர வேண்டும். டிராக்டர் லாக் பார்த்திராத வகை இயந்திரம். அதன் விசை அதற்குள்ளேயே பிறக்கிறது. டயரையும் இருக்கையையும் மாற்றினால் யாரும் கேட்பதில்லை, எஞ்சின் என்றதும் முகம் சுளிக்கிறார்கள் என்றால், அந்தச் சுளிப்புக்குக் காரணம் உண்டு.

ஆனால் எஞ்சின் மட்டுமே வண்டி ஆகிவிடுமா? 1990இல் இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு இதைவிடச் சிக்கலான வழக்கு வந்தது. 1929, 1930 லெ மான் பந்தயங்களை வென்ற பென்ட்லி 'ஓல்ட் நம்பர் ஒன்' ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசப்பட்டிருந்தது. வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்த வண்டியே இல்லை என்று பின்வாங்கினார்கள். ஆறரை லிட்டர் எஞ்சின் போய் எட்டு லிட்டர் வந்திருந்தது. 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு வண்டியையே மறுபடி கட்டியிருந்தார்கள். நீதிபதி ஆட்டன் நிதானமாகப் பிரித்துப் பார்த்தார். பந்தயத்தில் ஓடிய அதே நிலையில் உள்ள மூல வண்டி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் இதுதான் உண்மையான ஓல்ட் நம்பர் ஒன், ஏனெனில் அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை என்று தீர்ப்பளித்தார்.

318க்கும் இதே அளவுகோல் பொருந்தும். வேன்கார்டின் சிலிண்டர்கள் வி வடிவில் நிமிர்ந்து நிற்பவை. இடம் போதாமல் பக்கத் தகட்டை அறுப்பவர்கள் உண்டு. அது திரும்பி வராத சேதம், அதற்கு விலை குறைவது சரி. எதையும் அறுக்காமல் இணைப்புத் தகடு போட்டுப் பொருத்தி, பழைய ஓனனை எண் தெரியத் துடைத்துப் பெட்டியில் வைத்து, மாற்றிய விவரத்தையும் எழுதி வைத்திருப்பவரின் வண்டி வேறு. வேலை செய்யும் அந்த வண்டியைவிட, செத்த எஞ்சினோடு தார்ப்பாயின் கீழ் கிடப்பதே அசல் என்பதை ஏற்க முடியாது.

1963இல் வந்த ஜான் டீர் 110 கதை வேறு. அதில் இருப்பது கோலரின் வார்ப்பிரும்பு எஞ்சின். சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டால் மறுபடி ஓடும். அப்படிப் பிழைக்கக்கூடிய எஞ்சினைக் கழற்றிவிட்டு மலிவான புதியதைப் பொருத்தியவர், சேகரிப்பாளர் பாதி விலை கேட்கிறாரே என்று வருந்துவதில் நியாயமில்லை.