ஸபீத் வியாபாரிக்கு யார் துணை?

  

மயிலாப்பூரிலும் அடையாறிலும் வாடகைக்கு வீடு தேடும் நம் பிள்ளைகளில் சிலர், பெயரைச் சொன்னதும் "வீடு முடிஞ்சிடுச்சு" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அப்போது நமக்காகப் பேசும் மனித உரிமை அமைப்புகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஓர் இளைஞர் கேட்டார்: "ஹஜ்ரத், அவங்கள்ல நிறைய பேர் முஸ்லிம் இல்ல. சிலருக்கு இறைநம்பிக்கையே இல்ல. அவங்களோட சேரலாமா?"

நபித்துவத்துக்கு முந்திய மக்காவைப் பாருங்கள். யமன் நாட்டு ஸபீத் ஊரிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். அவருடைய சரக்கை வாங்கிக்கொண்ட ஆஸ் இப்னு வாயில் காசு கொடுக்கவில்லை. ஆஸ் குறைஷிப் பிரமுகர். வந்தவருக்கோ அங்கே கோத்திரம் இல்லை, கேட்க நாதி இல்லை. அபூகுபைஸ் மலையில் ஏறி நின்று முறையிட்டார். குறைஷிகளில் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாரானாலும் அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். அவருடைய உரிமையை மீட்டும் கொடுத்தார்கள். அதுதான் ஹில்ஃபுல் ஃபுழூல். வாலிபராக இருந்த நபி (ஸல்) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அப்படி ஓர் அழைப்பு வந்தால் ஏற்பேன் என்றார்கள். அங்கே கூடியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். எனவே நீதிக்காகச் சேரலாம்.

அடுத்த கேள்விதான் கடினம். அநீதி செய்தவர் நம்மவராக இருந்தால்? ஆஸும் குறைஷி, அவரைத் தட்டிக் கேட்டவர்களும் குறைஷிகள். உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:135).

1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் ஒரு மனித உரிமை அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் சில மணி நேரம். அந்த ஆசிரியர்கள் அதை அநீதி என்றே எழுதி வைத்தார்கள். எழுதியவர்கள் முஸ்லிம்கள் அல்லர், தமிழர்கள். தங்கள் இனத்தின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்களைப் பற்றி, உயிருக்கு உத்தரவாதம் இல்லாத நேரத்தில் எழுதினார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? தி.நகர் கடை ஒன்றில் பீகாரிலிருந்து வந்த பையன் வேலை செய்கிறான். மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. முதலாளி நம் பள்ளியில் முதல் ஸஃப்பில் தொழுபவர். பையன் முஸ்லிம் அல்ல, பாஷையும் தெரியாது. அவன்தான் இன்றைய ஸபீத் வியாபாரி. "நம்ம ஆள், விடுங்க" என்று இருந்துவிட்டால், நம் பிள்ளைக்கு வீடு மறுக்கப்படும்போது நியாயம் கேட்க நமக்கு எந்த முகம் இருக்கிறது?

நம்முடன் ஒப்பந்தத்தில் வாழும் பிற மதத்தவருக்கு அநீதி செய்பவருக்கு எதிராக மறுமையில் நானே வாதிடுவேன் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (அபூதாவூத்). அன்றைக்கு நம் ரஸூல் நமக்கு எதிர்த்தரப்பில் நிற்கும் நிலையை விட்டு அல்லாஹ் நம்மைக் காப்பானாக. நம்மவருக்கு எதிராகவும் உண்மை பேசும் தைரியத்தைத் தருவானாக. ஆமீன்.