வறுமையை அளக்கும் கோல்

ஏழை நாடு எது, செல்வ நாடு எது என்று வினவின், தலைக்கு இவ்வளவு வருமானம் என்று கணக்குக் காட்டுகின்றனர். இக்கணக்கை மட்டும் நாம் நம்பியிருப்பதற்கில்லை.

பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹ்பூபுல் ஹக் முன்னின்று உருவாக்கிய ஐ.நா. மனித மேம்பாட்டு அறிக்கை 1990-ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்தது. அதன்படி இலங்கையில் ஒருவரின் ஆண்டு வருமானம் 400 டாலர். சவூதி அரேபியாவிலோ 6,200 டாலர். ஆயினும் சராசரி ஆயுள் இலங்கையில் 71 ஆண்டுகள், சவூதியில் 64. எழுத்தறிந்தோர் முறையே நூற்றுக்கு 87, 55. பின்னாளில் சவூதி இவ்விரண்டிலும் பெரிதும் முன்னேறியதை மறைப்பது நேர்மையன்று.

பதினைந்து மடங்குப் பொருள் அன்று செய்யாததை எது செய்தது? 1945 முதல் இலவசக் கல்வி, கட்டணமில்லா மருத்துவமனை, பல்லாண்டுகள் வழங்கிய மானிய அரிசி. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாயிடம், மடியில் காசு உண்டா என்று மருத்துவமனை கேட்பதில்லையெனில், வருமானக் கணக்கில் ஏறாத செல்வம் ஒன்று அவளுக்கு இருக்கிறது.

எனினும் சராசரியும் ஒரு திரையே. அதே இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில், லயன் அறைகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் கல்வியிலும் உடல்நலத்திலும் நெடுங்காலம் பின்தங்கிக் கிடந்தனர். தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்றது 1970-களில்தான். 71 என்னும் அவ்வெண்ணுக்குள் அவர்களும் அடக்கம்.