நாளைக்கும் நடக்கும்படி

பெரிய காரியம் செய்தவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவர்களுடைய மனவுறுதிதான் முதலில் நம் வாயில் வரும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியைப் பற்றியும் அப்படித்தான் சொல்கிறோம். அவரிடம் மனவுறுதி நிறையவே இருந்தது. ஆனால் ஒருவருடைய மனவுறுதி அவர் காலத்தோடு போய்விடும். டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7-ஆம் தேதி காலமானார். அவருக்குப் பிறகும் அங்கே கண்புரை ஆபரேஷன்கள் நடந்தன, இன்றும் நடக்கின்றன. தான் இல்லாத நாளிலும் வேலை நடக்கும்படி ஒரு மனிதர் எப்படிப் பழகினார், மற்றவர்களை எப்படிப் பழக்கினார் என்பதை இன்று கொஞ்சம் யோசிப்போம்.

எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர். விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளை. சிறுவயதில் உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்து, பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் பட்டம் வாங்கி, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் முடக்குவாதம் வந்தது. மூட்டுகள் வீங்கின, விரல்கள் கோணி மடங்கின. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். ராணுவம் அவரை விடுவித்து அனுப்பிவிட்டது. மணிக்கணக்கில் நின்றபடி பிரசவம் பார்க்கும் வேலை இனி அந்த உடம்புக்கு ஆகாது என்று தெளிவாகிவிட்டது.

இந்த இடத்தில் அவர் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். விரல் கோணிய மனிதர் விரல் நுனியை நம்பியே நடக்கும் கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். கேட்பவருக்கு இது பிடிவாதமாகத் தெரியலாம். எனக்கோ இதில் ஒரு கணக்கு தெரிகிறது. கண் ஆபரேஷனுக்கு வேண்டிய அசைவுகள் மிகச் சிறியவை. சிறியவை என்பதால் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தனியாகப் பழக முடியும். அவர் முதலில் பேனா பிடிக்கப் பழகினார். மடங்கிய விரலுக்குள் பேனா நிற்க எத்தனை நேரம் ஆனாலும் சரி என்று பழகினார். அது கைவந்த பிறகு அறுவைக் கத்தி. தன் கைக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டார். அந்தக் கையால் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார்.

நல்ல விரல் உள்ளவர் தன் அசைவுகளை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ண வேண்டிய தேவையே அவருக்கு வருவதில்லை. வலிக்கும் விரலோடு வேலை செய்பவருக்கு எது அவசியமான அசைவு, எது வீண் அசைவு என்று தெரிந்தே ஆகவேண்டும். அவர் பின்னால் கட்டிய மருத்துவமனையின் வேலைமுறையைப் பார்க்கும்போதெல்லாம், அதன் வேர் இந்தப் பயிற்சியில்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976-இல், மதுரை அண்ணாநகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தவர்கள் துணை நின்றார்கள். குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் உடன் உழைத்தார்கள்.

அங்கே ஆபரேஷன் தியேட்டரில் நடப்பது இதுதான். டாக்டர் ஒரு டேபிளில் வேலை செய்யும்போதே, பக்கத்து டேபிளில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். கண்ணைச் சுத்தம் செய்து, மரத்துப்போக மருந்து கொடுத்து, கருவிகளை வரிசையாக எடுத்து வைத்திருப்பார்கள். இந்த ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்பி அடுத்ததைத் தொடங்குவார். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, ஆபரேஷனில் கைக்குக் கை கருவி எடுத்துத் தருவது எல்லாம் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பு. பெரும்பாலும் கிராமங்களிலிருந்து, பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வந்து, இரண்டு ஆண்டு பயிற்சி எடுத்தவர்கள். டாக்டருக்கு மிஞ்சுவது டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலை. அதனால்தான் அங்கே ஒரு டாக்டர் ஆண்டுக்குச் சுமார் 2,000 ஆபரேஷன் செய்ய முடிகிறது. பணம் கட்டுபவர்களின் வருமானத்தைக் கொண்டு, வருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பார்வை கொடுக்கவும் முடிகிறது.

வேகம் கூடினால் தரம் குறையுமே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. அதற்கு அவர்களிடம் இருக்கும் பதில் ஒரு பழக்கம்: தவறை எழுதி வைப்பது. யார் செய்த ஆபரேஷனில் என்ன சிக்கல் வந்தது, பிறகு பார்வை எவ்வளவு வந்தது என்று டாக்டர்வாரியாகப் பதிவு செய்கிறார்கள். அதை எடுத்து வைத்துப் பேசுகிறார்கள். யாரையும் தலைகுனிய வைப்பதற்காக இது ஏற்பட்டதல்ல. எந்தப் படியில் சறுக்கியது என்று கண்டுபிடித்து அந்தப் படியைச் சரிசெய்வதற்காக ஏற்பட்டது. நம்மில் பெரும்பாலோர் வெற்றிக்குத்தான் கணக்கு வைக்கிறோம். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுகிறோம், பாராட்டை நினைவில் வைக்கிறோம், சறுக்கலைச் சீக்கிரம் மறக்கப் பார்க்கிறோம். கடையோ வகுப்பறையோ சமையலோ, ஒருவர் தன் வேலையில் இந்த வாரம் எங்கே சறுக்கினார் என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி, அடுத்த வாரம் அதைப் படித்துப் பார்த்தாலே போதும். அதே தவறு மூன்றாவது முறை எழுதப்படும்போது கோளாறு எங்கே என்று அவருக்கே தெரிந்துவிடும்.

தவறைப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கிராமங்களில் முகாம் போட்டு, கண்புரை இருப்பதைச் சொல்லி, இலவசமாக ஆபரேஷன் செய்கிறோம் என்றும் சொன்னார்கள். அப்படியும் பலர் வரவில்லை. ‘படிக்காத ஜனங்கள், அறியாமை’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சொல்லாமல் ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள். ஆபரேஷன் இலவசம்தான், பஸ் கட்டணம் யார் கொடுப்பார்? அங்கே தங்கும் நாட்களில் சாப்பாடு? கூட வருகிறவருக்குக் கூலி போகுமே? பார்வை தெரியாத ஒரு பாட்டி இத்தனை கேள்விகளைத் தாண்டித்தான் மதுரைக்கு வந்தாக வேண்டியிருந்தது. பிறகு முகாமிலிருந்தே வண்டியில் அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுபோய் விடும் ஏற்பாடு வந்தது. ஊர்க்காரர்களை ஒரே வண்டியில் சேர்த்து அழைத்து வந்ததால் பயமும் குறைந்தது. மற்றவர்கள் நாம் நினைத்தபடி நடக்காதபோது, நம் ஏற்பாட்டில் என்ன குறை என்று முதலில் பார்ப்பது கடினம். கோபம் குறுக்கே வரும். இதையும் பழகத்தான் வேண்டும்.

கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்ற நிலை வந்தபோது, 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற பெயரில் லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். பல மடங்கு குறைந்த விலையில் கிடைத்த அந்த லென்ஸ்கள் இன்று பல நாடுகளுக்குப் போகின்றன.

அதே 1992-இல் இன்னொரு காரியமும் செய்தார்கள். அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். தங்கள் வேலைமுறை முழுவதையும் மற்ற மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே லைக்கோ என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். தியேட்டரில் டேபிள்களை எப்படிப் போடுவது, முகாமை எப்படி நடத்துவது, செலவை எப்படிக் கணக்கிடுவது என எதையும் ஒளித்து வைக்கவில்லை. தொழில் ரகசியம் என்று நாம் பூட்டி வைப்பதையெல்லாம் எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். கண் பார்வை இழந்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே மருத்துவமனை பார்த்துவிட முடியாது என்று டாக்டர் வெங்கடசாமிக்குத் தெரியும். இந்தியாவின் பிற மாநிலங்களிலிருந்தும், ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளிலிருந்தும் டாக்டர்களும் நிர்வாகிகளும் மதுரைக்கு வந்து கற்றுக்கொண்டு, தங்கள் ஊருக்குப் போய் அங்கே செய்கிறார்கள்.